பந்து விழாத சாயங்காலம்

மாண்டலே,
கல்தச்சர் தெரு.
நயோன் மாதம், தேய்பிறை.

அன்புள்ள கோ சோ பைங்குக்கு, உங்கள் நுவே எழுதுவது.

எல்லோரும் நலம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். நம் மகள் நலம். உங்கள் அம்மா நலம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போனால் மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மழை ஆரம்பித்துவிட்டது, அடுப்படி ஓட்டில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. நானும் நலம். நீங்கள்தான் நலமாக இல்லை. உங்கள் அறையில் தங்கியிருக்கும் என் சித்தி மகன் தூயா எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்துவிடுகிறீர்களாம். ஞாயிற்றுக்கிழமை மரச்சாமான் தொழிற்சாலை முற்றத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் பந்தாட வட்டம் கட்டினால், எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறீர்களாம். அவனைத் திட்டாதீர்கள். நான்தான் கேட்டு வாங்கினேன்.

பந்தாட்ட வாத்தியார் ஊ சான் மியா போய்விட்டார் என்று நான் போனில் சொன்ன அன்று நீங்கள் அழவில்லை. "என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு, நுவே. நான் இனிமே பந்தைத் தொட மாட்டேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. ஊருக்கு வந்துவிட்டு மூவாருக்கு, உங்கள் தொழிற்சாலைக்கே திரும்புகிற கோ ஜாவிடம் இதைக் கொடுத்து, நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர், நிற்பார். அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் இல்லை. நீங்கள் மலேசியாவுக்குக் கிளம்பியபோது, உங்கள் பந்தாட்டக் குழுவில் ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள். ஆறாவது ஆளாகப் புதியவன் ஒருவனைச் சேர்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வாத்தியார் ஆடுவதை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எழுபதைத் தொடப் போகிற வயதில் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அவன் வர்ற வரைக்கும் அந்த இடத்துல நான் நிக்கிறேன்" என்று நின்றுவிட்டார். மூன்று வருஷம் நின்றார். உங்கள் இடத்தில் நின்று ஆடியதால்தான் அந்த இதயம் நின்றுபோனது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள். இதைத்தானே தட்டை மூடி வைத்துவிட்டு யோசிக்கிறீர்கள்?

அதனால் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன். என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதெல்லாம் புதிது.

உங்கள் ஆட்டத்தைப் பற்றி நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மூத்த சம்சாரம் அந்தப் பிரம்புப் பந்துதான், நான் இரண்டாம்தாரம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஆறு ஆம்பிளைகள் வட்டமாக நின்று ஒரு பந்தைக் கீழே விழாமல் உதைத்துக்கொண்டே இருப்பது ஒரு ஆட்டமா? எதிர்க்கட்சி கிடையாது. கணக்கு கிடையாது. ஜெயிப்பது கிடையாது, தோற்பதும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட நான் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம் பட்டறையில் புத்தர் சிலை பாக்கி இருக்கிறது, மெருகு போடணும் என்பேன்.

வாத்தியார் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆடிவிட்டு, குளித்து, சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போனபோது அவரை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாமந்திப் பூவும் மண்பானைத் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைத்தான் பார்த்தேன். நாள் முழுக்கச் சலவைக்கல் பாதங்களைத் தேய்க்கிறவளுக்கு வேறு எங்கே கண் போகும். கட்டைவிரல் பக்கம் எலும்பு தடித்து, மேற்பக்கம் தோல் பளபளவென்று இருந்தது. ஐம்பது வருஷமாக ஒரு பந்து தொட்டுத் தொட்டுப் போட்ட மெருகு. என்னால் அப்படி ஒரு மெருகு போட முடியாது என்று தோன்றியது. நான் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கிறேன், அவர் ஆடியே தேய்த்திருக்கிறார்.

வழக்கப்படி இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து நூலால் கட்ட வேண்டும் அல்லவா? அங்கேதான் முதல் சண்டை. உங்கள் குழுவின் தலைவர் கோ மியோவின் கையில் நூலைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டு அப்படியே நிற்கிறார். சைக்கா ரிக்‌ஷா ஓட்டுகிற ஊ லுவின் வாசலிலிருந்தே சத்தம் போட்டார். "கட்டாதே மியோ. அந்தக் காலைக் கட்டினா நான் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்." சொந்தக்காரர் ஒருவர், "கட்டலேன்னா முறையில்லே பெரியவரே" என்றார். "முறையா? அந்தக் காலு ஆடுறதைப் பார்த்திருந்தா நீ முறை பேச மாட்டே" என்றார் ஊ லுவின். கடைசியில் வாத்தியாரின் மனைவி டாவ் கின் லே சொன்னார், "கட்டுப்பா. இறுக்காதே, அவ்வளவுதான்." கோ மியோ கட்டியது முடிச்சே இல்லை. நூலைச் சும்மா சுற்றி விட்டார். எல்லோரும் பார்த்தார்கள், முறை பேசியவரும்தான்.

ஏழு நாளும் ஜனம் வந்துகொண்டே இருந்தது. நம் பேட்டை ஆட்கள், தங்க ரேக்கு அடிக்கிற தெருவில் அவரோடு சுத்தியல் பிடித்தவர்கள், அதெல்லாம் சரி. எனக்கு ஆச்சரியம், வெளியூர்க்காரர்கள்தான். அமரபுரத்திலிருந்து தறிக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பகோக்குவிலிருந்து ஒருவர் படகில் வந்தார், மடியில் ஒரு பழைய பந்து. எப்போதோ திருவிழாவில் கூட்டத்துக்குள் வந்து விழுந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாராம். "திருடினதுதான் அத்தை. மன்னிப்புக் கேட்கலாம்னு வந்தேன்" என்று டாவ் கின் லேயிடம் நீட்டினார். அந்த அம்மா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தேடி அவர் அன்னைக்கு என்னைக் கூடத் திட்டினாருப்பா" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். பந்தை அவரிடமே கொடுத்து அனுப்பினார்.

டீக்கடையில் ஒரே பேச்சுதான். மற்ற ஆட்டமாக இருந்தால் இத்தனை கோல் போட்டார், இத்தனை கோப்பை வாங்கினார் என்று பேசுவார்கள். இவர்களுக்குப் பேச அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பாதம் எப்படித் திரும்பியது என்று பேசுகிறார்கள். பெருமழை பெய்த வருஷம் முதுகுக்குப் பின்னால் குதிகாலால் எடுத்தாரே, அது வலது காலா இடது காலா என்று ஒரு காலை நேரம் முழுக்கச் சண்டை. ஊ லுவின் பெஞ்சில் ஏறி நின்று செய்து காட்டப் போய் ஊறுகாய்த் தேயிலைத் தட்டைக் கவிழ்த்துவிட்டார். "உன் வயசுக்கு இது தேவையா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "அவரு ஆடினப்போ இதைவிட வயசு" என்றார்.

யாங்கோனிலிருந்து விளையாட்டுப் பத்திரிகைப் பையன் ஒருவன் வந்திருந்தான். கால்பந்துச் செய்தி எழுதுகிறவன் போலிருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டான், வாத்தியார் மொத்தம் எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்று. கடையே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஊ லுவின் கேட்டார், "ஜெயிக்கிறதா? யாரைத் தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள், பையனும் சிரித்துவிட்டான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதையேதானே இத்தனை காலம் உங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? யாரையும் தோற்கடிக்காத ஒரு மனிதருக்காக ஊர் ஊராக இத்தனை பேர் கிளம்பி வந்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தோற்றவர்கள் என்று ஒருவர் கூட இல்லாததால் எல்லோருமே அவர் பக்கம்தான்.

இனி ஏழாம் நாள்.

ஏழு நாள் வரை உயிர் வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று வாசல் கதவை மூடாமல் வைத்திருந்தார்கள். காலையில் பிக்குகள் வந்து சாப்பிட்டு, ஓதி, புண்ணியத்தைப் பங்கு கொடுத்து, நாங்கள் எல்லோரும் நல்லது நடந்தது என்று மூன்று தரம் சாது சொன்னோம். வழக்கமாக அத்தோடு உயிருக்கு விடை கொடுத்து முடிந்துவிடும். உங்கள் ஆட்கள் விடுவார்களா? மதியத்துக்கு மேல் மடத்து மண் களத்தில் ஒரு ஆட்டம், அதில்தான் வாத்தியாருக்கு விடை என்று பெரிய பிக்குவிடம் அனுமதி வாங்கிவிட்டார்கள். ஐந்து பேர் ஆடுவார்கள், ஆறாவது இடம் காலியாக இருக்கும்.

நான் போனது ஆட்டம் பார்க்க இல்லை. உங்கள் செய்தியைச் சொல்லத்தான். ஆட்டத்துக்கு முன்னாலேயே கோ மியோவைப் பிடித்து, "அண்ணே, அவர் ஒரு சேதி சொல்லச் சொன்னார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன சேதி என்று தெரிந்துவிட்டது போல. "ஆட்டம் முடியட்டும் தங்கச்சி" என்று காலில் துணியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சரி என்று களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு ஓரமாகப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் டாவ் கின் லே.

மேளக்காரர்கள் கூலி வாங்காமல் வந்திருந்தார்கள். வட்ட மேளத்துக்காரர் மேள வளையத்துக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, "சாவு வீட்டு ஆட்டம், என்ன வாசிக்கிறது?" என்று கேட்டார். ஒலிபெருக்கியில் ஊ தெய்ன்தான், அவரை விட்டால் யார். முப்பது வருஷமாக வாத்தியாரின் ஒவ்வொரு உதைக்கும் பெயர் சொல்லிச் சொல்லியே தொண்டை போனவர். "திருவிழா மாதிரியே வாசி. அவருக்கு இழுவை பிடிக்காது" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நன்றாகப் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறார், பாவம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஜனங்களே, இந்த ஆட்டத்துல பந்து எப்ப மண்ணைத் தொடுதோ, அப்ப நம்ம வாத்தியாருக்கு விடை குடுத்துட்டோம்னு அர்த்தம். அதுக்கு மேல அவரை யாரும் கூப்பிடக் கூடாது."

எவ்வளவு அழகான பேச்சு, என்ன முட்டாள்தனம். அப்போது யாருக்கும் புரியவில்லை. ஆட்டம் ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. பந்தைக் கீழே விடுகிறவன் வாத்தியாரை அனுப்பி வைத்தவன் ஆவான். எவன் விடுவான்?

முதலில் நன்றாகத்தான் போனது. ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் வந்து வித்தை காட்டினார்கள். முழங்காலில், குதிகாலில், பாதத்தின் பக்கவாட்டில் என்று ஊ தெய்ன் பெயர்களை அடுக்கினார், மேளம் கூடவே குதித்தது. இது எனக்குப் புரியாத பாஷை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பக்கத்தில் டாவ் கின் லே மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்போ பாரு, மியோ கொஞ்சம் அசட்டுத்தனமா குடுப்பான், அடுத்தவன் சரி பண்ணுவான்." அப்படியே நடந்தது. ஒருவன் தவறினால் அதை இன்னொருவன் அழகாக்குகிறான். அதுதான் ஆட்டமே என்று இவ்வளவு நாள் ஏன் எனக்குச் சொல்லவில்லை நீங்கள்? சொல்லியிருப்பீர்கள். நான் சலவைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து வித்தைகள் குறைந்தன. நடுவில் யாரும் போகவில்லை. பாதத்தின் உட்பக்கத்தால் எளிமையாகத் தட்டி, அடுத்தவன் காலுக்கு வாகாகக் கொடுத்தார்கள். தவறவிடப் பயம். ஒவ்வொருவர் முகத்திலும் அதே பயம். கூட்டமும் கைதட்டுவதை நிறுத்திவிட்டது. ஊ தெய்னுக்குச் சொல்லப் பெயரே இல்லாமல் போய், அவரும் நிறுத்திவிட்டார். அப்புறம் மேளமும் ஓய்ந்தது. பிரம்புப் பந்து காலில் படுகிற டக், டக் என்ற ஓசை மட்டும். நூற்றுக்கணக்கான ஜனம் உட்கார்ந்திருக்கிறது, ஒரு குழந்தைகூட அழவில்லை.

காலி இடத்துப் பக்கம் பந்து போகும்போதெல்லாம் டாவ் கின் லேயின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை. வைத்தால் ஆட்டம் சுலபமாகியிருக்கும், எனக்கே தெரிந்தது. ஐந்து பேரும் நெருங்கி நின்றால் போதும். நிற்கவில்லை. அங்கே ஒரு ஆள் நிற்கிற மாதிரியே இடைவெளி விட்டு ஆடினார்கள். ஒரு தடவை பந்து நேராக அந்த இடத்துக்கே போய்விட்டது. விழுந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோ மியோ உடம்பை முறுக்கி, முதுகுக்குப் பின்னால் குதிகாலைக் கொண்டுவந்து எடுத்து மேலே அனுப்பினாராம். என் கண் மூடியிருந்தது. ஊ லுவின் பிறகு சொன்னார், பெருமழை வருஷம் வாத்தியார் எடுத்தது அதேதான், இடது கால்தான், இனி சண்டையே வேண்டாம் என்று. ஐயோ, நான் ஏன் கண்ணை மூடினேன். உங்களிடம் சொல்லவாவது பார்த்திருக்கலாம்.

வெயில் இறங்கியது. மடத்து ஆலமரத்து நிழல் களம் முழுக்க வந்துவிட்டது. ஐந்து பேரில் மூத்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும், கால் நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. கோ மியோவின் காலில் சுற்றிய துணி சிவப்பாகிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை. இது இப்படியே போனால் ஒருவர் மயங்கி விழுவார், ஆனால் பந்து விழாது என்று எனக்குத் தோன்றியது. கோ சோ பைங், நான் கோயிலில் கும்பிட்டிருக்கிறேன், பெரிய பெரிய பிக்குகளைக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஒரு பயமும் பக்தியும் அன்றைக்கு அந்த ஐந்து பேரைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது. நீங்கள் இப்படிப்பட்ட ஆட்களோடா இத்தனை வருஷம் நின்றீர்கள்?

அப்போது என் பக்கத்தில் இருந்த டாவ் கின் லே எழுந்தார். செருப்பைக் கழற்றினார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். யாரும் தடுக்கவில்லை. மெதுவாக நடந்து அந்தக் காலி இடத்துக்குப் போய் நின்று, கோ மியோவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோ மியோ அழுதுகொண்டே பந்தை அவருக்குக் கொடுத்தார், காலால்தான், ரொம்ப மெதுவாக. அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்தார்.

கை படக் கூடாத பந்து அது. கூட்டம் முழுக்க ஒரே ஒரு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

"போதும்பா. அவர் கிளம்பி நிக்கிறார். இருட்டுறதுக்குள்ள போகட்டும்" என்றார். பிறகு குனிந்து பந்தை மண்ணில் வைத்தார். போடவில்லை, வைத்தார். தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி. ஊ தெய்ன் ஒலிபெருக்கியில் சாது என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றுபோனார். நாங்கள் முடித்தோம்.

கூட்டம் கலைந்த பிறகு கோ மியோ தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். டாவ் கின் லே அவர் காலில் ஒட்டிய துணியைத் தண்ணீர் விட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். சொல்ல மனமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லச் சொன்னது, சொல்லாமல் வந்தால் அது சரியில்லை. "அவரோட இடத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொன்னார், அண்ணே. இனிமே பந்தைத் தொட மாட்டாராம். அவர் இடத்துல நின்னதாலதான் வாத்தியார் போயிட்டார்னு நினைக்கிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

கோ மியோ வாயைத் திறப்பதற்குள் டாவ் கின் லே நிமிர்ந்தார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். "யாரு சொன்னது? ஆட்டத்தை விட்டுட்டு அந்த மனுஷன் வீட்டுல உட்கார்ந்த பத்து வருஷம் என்ன பாடு படுத்தினார் தெரியுமா உனக்கு? குழம்புல உப்பு, கதவுல சத்தம், பூனை நடந்தா குத்தம். ராத்திரி தூக்கம் கிடையாது. உன் புருஷன் கப்பலேறின மறுநாள் அந்தக் களத்துக்குப் போனாரு பாரு, வந்து படுத்து, பொழுது விடியிற வரைக்கும் தூங்கினாரு. மூணு வருஷமும் அப்படித்தான். போன அன்னைக்கும் அப்படித்தான் தூங்கினாரு. எனக்கு இந்த மூணு வருஷத்தைக் குடுத்தது உன் புருஷன். அவன்கிட்ட அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை விடாம." ஒரு வார்த்தை விடவில்லை, எழுதிவிட்டேன்.

கோ மியோ சொன்னது சுருக்கம்தான். "வாத்தியார் அங்க காவலுக்குத்தான் நின்னார் தங்கச்சி. அது சோ பைங் இடம். வேணாம்னா அவனே வந்து அந்த இடத்துல நின்னு சொல்லட்டும். வேற ஆள் மூலமா சொன்னா நாங்க எடுத்துக்க மாட்டோம்." அவ்வளவுதான். பிறகு காலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது அத்தை, மெதுவா" என்று டாவ் கின் லேயிடம் முனகினார்.

ஆக, உங்கள் செய்தியை அங்கே சேர்த்துவிட்டேன், அவர்கள் பதிலை இங்கே சேர்த்துவிட்டேன். தூது போனவள் வேலை முடிந்தது. இனி உங்கள் பெண்டாட்டியாக இரண்டு வார்த்தை.

வேலையை விட்டுவிட்டு ஓடி வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிகிறபோது முடியட்டும். நீங்கள் அங்கே மரத்தைத் தேய்க்கிறீர்கள், நான் இங்கே கல்லைத் தேய்க்கிறேன், நம் இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி காய்த்திருக்கிறது. அதைத் தாங்கிக்கொள்வேன். நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பிள்ளைகள் வட்டம் கட்டும்போது போய் நில்லுங்கள். ஆடக்கூட வேண்டாம், முதலில் நில்லுங்கள். பந்து உங்களைத் தேடி வரும், அதற்கு என்ன தெரியும் யார் துக்கத்தில் இருக்கிறார் என்று. தட்டிவிடுங்கள். விழுந்தால் விழட்டும், குனிந்து எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். முதலில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மகாமுனி புத்தர் உங்கள் காலையும் கண்ணையும் காக்கட்டும். வாசோ மாதப் பந்தாட்டத் திருவிழா வரும், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். அப்போது கயிற்றுக்கு இந்தப் பக்கம், முதல் வரிசையில், பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். இந்த முறை அவள் கண்ணை மூட மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள்
நுவே